ஓரம் வெட்டும் கிருபாகரன்

கிருபாகரன் சினிமாவில் வேலை செய்கிறான் என்பது திருநின்றவூரில் அவன் தெருவுக்கே தெரியும். என்ன வேலை என்பதுதான் யாருக்கும் தெரியாது. பதினான்கு வருடங்களாக அவனும் விளக்கிக்கொண்டுதான் இருக்கிறான். முதல் வாக்கியத்தை ஆர்வமாகக் கேட்பார்கள். இரண்டாவது வாக்கியத்தில் அவர்கள் கண் அவன் தோளைத் தாண்டிப் போகும். மூன்றாவதில், ஹீரோயின் யாருடனாவது போட்டோ எடுத்துக்கொண்டது உண்டா என்ற கேள்வியில் வந்து நிற்பார்கள். எடுத்ததில்லை. பச்சைத் துணிக்கு முன்னால் நின்ற ஒரு ஹீரோவின் இடது தோளை மட்டும் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறான். அந்தத் தோள் ஆவடி பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றாலும் அடையாளம் சொல்லிவிடுவான். முகத்துக்கு உத்தரவாதம் இல்லை.

அவன் வேலை செய்யும் கிராஃபிக்ஸ் கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டில், ஸ்பிரிங் செய்யும் ஒரு பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே பிரஸ் அடித்தால் மேலே மானிட்டர்கள் லேசாக நடுங்கும். புதிதாகச் சேருபவர்கள் பூகம்பம் என்று எழுந்து நிற்பார்கள். பழையவர்கள் காப்பி டம்ளரை மட்டும் கையில் எடுத்துக்கொள்வார்கள். அந்த மாடியில் மற்றவர்கள் முதலை செய்வார்கள், நெருப்பு செய்வார்கள், மழை செய்வார்கள். கிருபாகரன் எதுவும் செய்யமாட்டான். அவர்கள் செய்ததன் ஓரத்தை வெட்டுவான்.

கிராஃபிக்ஸில் ஒரு ஃபிரேம் என்பது ஒரே படம் இல்லை. ஏரியிலிருந்து ஒரு முதலை எழும்பினால், முதலை தனி, அதன் நிழல் தனி, தெறிக்கிற தண்ணீர் தனி, சேறு தனி. எல்லாம் ஒரே கோப்புக்குள் தனித்தனிப் பாகங்களாக, டிபன் கேரியரின் அடுக்குகள் மாதிரி அடங்கியிருக்கும். முதலை ஒரு மூலையில் கிடக்கும். மீதி முழுக்க வெறும் கறுப்பு. அந்தக் கறுப்பும் டிஸ்க்கில் இடத்தை அடைக்கும், சர்வரைத் திணறடிக்கும். படத்தைத் தொடாமல் அந்தக் காலி ஓரத்தை மட்டும் வெட்டி, கோப்பை இளைக்க வைப்பதுதான் கிருபாகரனின் தொழில். முடி வெட்டுகிறவருக்காவது நன்றாக வெட்டினால் நாலு பேர் பாராட்டு கிடைக்கும். இவன் ஒழுங்காக வெட்டினால் வெட்டியதே யாருக்கும் தெரியாது. வெட்டியது தெரிந்தது என்றால் அன்றைக்கு இவனுக்குக் கெட்ட நேரம்.

வெட்டுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை என்றுதான் அவனும் முதலில் நினைத்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒவ்வொரு பாகத்தையும் அதனதன் உடம்புக்கு ஏற்றபடி இறுக்கமாக வெட்டினான். முதலைக்கு ஒரு கட்டம், நிழலுக்கு ஒரு கட்டம், தண்ணீருக்கு ஒரு கட்டம். தங்கள் கம்பெனி சாஃப்ட்வேரில் கோப்பு கச்சிதமாகத் திறந்தது. மாடியை ஒரு சுற்றுச் சுற்றி எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்தான். அதே கோப்பு ஹைதராபாத்தில் இன்னொரு கம்பெனிக்குப் போனது. அவர்களுடைய சாஃப்ட்வேர் முதல் பாகத்தின் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, மற்ற பாகங்களும் அதே இடத்தில்தான் உட்காரும் என்று முடிவுகட்டிவிட்டது. முதலை ஏரியில் இருந்தது. அதன் நிழல் தென்னை மரத்து உச்சியில் இருந்தது. அங்கிருந்து ஒருவர் போன் செய்து, உங்கள் முதலைக்குப் பறக்கத் தெரியுமா என்று மரியாதையாகக் கேட்டார்.

அன்றிலிருந்து கிருபாகரனுக்கு ஒரே கொள்கை. எத்தனை பாகம் இருந்தாலும் எல்லாவற்றையும் அளந்து, எல்லாம் அடங்குகிற மாதிரி ஒரு கட்டம் போடு. அந்த ஒரே கட்டத்தை எல்லாப் பாகத்துக்கும் பொதுவாக வை. வெட்டியது போக முழுப் படத்தின் அளவு என்ன என்பதையும் கோப்பிலேயே எழுதிவை. அப்படிச் செய்தால் எந்த ஊரில் எந்த சாஃப்ட்வேரில் திறந்தாலும் முதலை முதலை இடத்தில் இருக்கும், நிழல் நிழல் இடத்தில் இருக்கும். கேரியரின் அடுக்குகள் ஆளுக்கொரு அகலத்தில் இருந்தால் கம்பி மாட்டாது என்று இதை அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் நாற்காலியை விட்டு எழுந்தாலே, பக்கத்தில் இருப்பவர்கள் "கேரியர் வருது" என்பார்கள். அவன் காதில் விழாத மாதிரி போவான்.

வெட்டுவதற்கென்று அவனே ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தான். கட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி நீட்டிக்கொண்டிருந்தாலும் அது சிவப்பில் கத்தும். தண்ணீர் தெறிக்கும் காட்சிகளில் ஏதாவது ஒரு திவலை எங்கேயாவது நீட்டிக்கொண்டேதான் இருக்கும். இதுவும் நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கும். எல்லோரும் வந்து புலம்பவே, அந்த எச்சரிக்கையை அணைத்து வைத்தான். கையில் இருக்கிற படம் முடிந்ததும் மறுபடி போட்டுவிடலாம் என்று நினைத்தான். இப்படி அவன் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தவற்றில் ஒன்றைக்கூட பிறகு பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. வீட்டில் சமையலறைக் குழாய் ஒன்று அதற்குச் சாட்சியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

இத்தனையும் தெரிந்த அவனால் ஒரே ஒரு மனிதருக்குத் தன் வேலையைப் புரியவைக்க முடியவில்லை. அவன் மனைவி லாவண்யாவின் அப்பா எத்திராஜ். திருமழிசையில் தலைமுறைகளாக இருக்கும் விவசாயக் குடும்பம். நிலத்தில் பாதி தொழிற்பேட்டைக்குப் போய்விட, மிச்சத்தில் கீரை போட்டுக் கோயம்பேட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு விசேஷங்களில் யாராவது மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டால், எத்திராஜ் கிருபாகரனை ஒரு பார்வை பார்ப்பார். "சினிமாவுல கீறாரு" என்பார். அடுத்த கேள்வி வருவதற்குள், சாப்பிட்டாச்சா என்று பேச்சை மாற்றிவிடுவார். அதை நம்பிச் சொந்தக்காரர்கள் படம் பார்க்கும்போதெல்லாம் திரையில் கிருபாகரனைத் தேடினார்கள். ஒரு கலவரக் காட்சியில் கல்லெறிந்தவன் இவன்தான் என்று ஒரு சித்தப்பா சத்தியமே செய்தார்.

ஒவ்வொரு படத்துக்கும் எத்திராஜ் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். பேர் வருமா? வராது. கம்பெனி பேர் வரும், நாலைந்து பெரிய ஆட்களின் பேர் வரும், அதற்குக் கீழே 'மற்றும் குழுவினர்' என்று வரும். கிருபாகரன் இத்தனை வருடமும் குடியிருந்தது அந்த 'மற்றும் குழுவினர்' என்ற இரண்டு சொற்களுக்குள்தான். அதைச் சொன்னால் எத்திராஜ் சரி என்பார். அந்தச் சரியில் நம்பிக்கையே இருக்காது. தன் பேரை ஒரே ஒரு தடவை இந்த மனிதர் திரையில் படித்துவிட்டால் போதும் என்று கிருபாகரனுக்கு ஆசை. சம்பள உயர்வுக்குக்கூட அவன் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

பல வருடம் கழித்து மறுபடி ஒரு ஏரி முதலை, இந்த முறை ஊரையே கலங்கடிக்கும் கதையோடு ஒரு படம் வந்தபோதுதான் அந்த ஆசைக்கு வழி பிறந்தது. படம் முடிந்து ஓடும் பேர் வரிசையை உருவாக்கும் வேலையும் இவர்கள் கம்பெனிக்கே வந்தது. முதலாளி ராஜசேகரன் அவனைக் கூப்பிட்டார். ஒருத்தர் வேலையை விட்டுப் போய்விட்டதால் பட்டியலில் ஒரு வரி காலியாக இருக்கிறது, உன் பேரைப் போட்டுக்கொள் என்றார். காலியை வெட்டுகிறவனுக்குக் கிடைத்த மரியாதையும் ஒரு காலி வரிதான். அதற்கே கிருபாகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏசி காற்று என்று சொல்லித் துடைத்துக்கொண்டான்.

அன்று மாலை ரயிலில் உட்காரக்கூட இடம் தேடாமல் நின்றபடியே மாமனாருக்குப் போன் செய்தான். பேர் வருகிறது என்றான். எத்திராஜுக்கு அதிலும் ஒரு சந்தேகம் இருந்தது.

"சந்தோஷம் மாப்ள. ஆனா கிருபாகரன்னு மெட்ராஸ்ல எத்தினி பேரு கீறாங்க. அது நீங்கதான்னு நான் எப்டி சொல்றது?"

நியாயமான கேள்வி. கிருபாகரனுக்கு இரண்டு நாள் அதே நினைப்பாக இருந்தது. மூன்றாம் நாள், பேர் வரிசையை வடிவமைத்துக்கொண்டிருந்த திவ்யாவின் மேஜைக்கு, யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனான். தன் பேருக்கு முன்னால் ஊர்ப் பேரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டான். காதல் கடிதம் கொடுக்கிறவன் மாதிரி குரலைத் தாழ்த்திக் கேட்டான். திவ்யா சிரிக்காமல் சேர்த்துக் கொடுத்தாள். 'அ. கிருபாகரன்' என்பது 'திருநின்றவூர் அ. கிருபாகரன்' ஆனது. அந்த வரிசையிலேயே அதைவிட நீளமான வரி வேறு இல்லை.

பேர் வரிசையும் பாகங்களாகத்தான் போகும். தமிழ்ப் பேர்கள் ஒரு பாகம், வெளிநாட்டுப் பிரதிக்கான ஆங்கிலப் பேர்கள் ஒரு பாகம், கம்பெனிச் சின்னங்கள் ஒரு பாகம். படத்தை இறுதியாகச் சேர்த்து முடிக்கும் லேப், கோப்புகளை ஜிப் போல அமுக்கிச் சுருக்காமல் கேட்டது, ஓரம் வெட்டத் தடை சொல்லவில்லை. சுருக்காவிட்டால் கறுப்புக்கும் எழுத்துக்கும் ஒரே எடை. பேர்களோ நடுவில் ஒரு பட்டையாக ஓடுகின்றன. இரண்டு பக்கமும் வெறும் காலி. கிருபாகரனுக்கு இது கரும்பு மாதிரி. மூன்று பாகத்தையும் அளந்தான், எல்லாம் அடங்குகிற மாதிரி ஒரு கட்டம் போட்டான், அந்த அளவைப் பூட்டி வைத்தான்.

அளந்தது திங்கட்கிழமை. திவ்யாவிடம் போய்க் குரலைத் தாழ்த்தியது புதன்கிழமை. மறுபடி அளக்க வேண்டும் என்பது, இதையே ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற ஆளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்கும், அந்தச் சிவப்பு எச்சரிக்கை கத்தியிருந்தால். அதைத்தான் வாயைக் கட்டி வைத்திருந்தானே.

கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்கள். கிருபாகரன் தொடக்கத்தைப் பார்த்தான், முடிவைப் பார்த்தான், சின்னங்கள் வரும் இடத்தை நின்று நிதானமாகப் பார்த்தான். தன் பேர் வரும் இடம் நெருங்கியதும் வேகமாக ஓட்டிவிட்டான். பின்னால் ராஜசேகரன் நின்றுகொண்டிருந்தார். தன் பேரைத் தானே ரசித்துக்கொண்டிருக்கிறான் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று கூச்சம். ஆசைப்பட்டதை அடக்கத்தோடு பார்க்காமல் விட்டதுதான் அவன் செய்த கடைசிப் புத்திசாலித்தனம்.

லேப்பில் கோப்புகள் ஒரு தடங்கலும் இல்லாமல் திறந்தன. அங்கே இருந்த ஸ்ரீநாத், இவ்வளவு சுத்தமாக வந்த கோப்புகளைப் பார்த்ததே இல்லை, மூன்று சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்தேன், மூன்றிலும் எல்லாப் பாகமும் அதனதன் இடத்தில் இருந்தன என்று பாராட்டினான். கிருபாகரன் அன்று கேன்டீனில் எல்லோருக்கும் மசால் வடை சொன்னான். கேரியர் கதையையும் இன்னொரு முறை சொன்னான்.

படம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வெளியாக இருந்தது. அந்த வாரம் புதன்கிழமை மதியம் ஸ்ரீநாத் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். லேப்பின் பெரிய திரையில் கிருபாகரனின் வரி ஓடும்போது எடுத்தது. 'வாழ்த்துகள் சார்' என்று கீழே எழுதியிருந்தான். கிருபாகரன் போட்டோவைப் பெரிதாக்கினான்.

'நின்றவூர் அ. கிருபாக' என்று இருந்தது.

முன்னால் 'திரு' இல்லை. பின்னால் 'ரன்' இல்லை. இரண்டு பக்கமும் அரிவாளால் வெட்டிய மாதிரி நேர்கோட்டில் நின்றது. கிருபாகரன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், போட்டோவில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்பது போல. மேலும் கீழும் இருந்த பேர்கள் எல்லாம் முழுசாக இருந்தன. அளந்த திங்களும் ஊர்ப் பேர் சேர்த்த புதனும் அப்போதுதான் அவன் மண்டையில் வரிசையாக வந்து நின்றன.  ஸ்ரீநாத்தைக் கூப்பிட்டு, மாற்ற முடியுமா என்றான். பிரதிகள் எல்லாத் தியேட்டருக்கும் போய்விட்டன என்றான் ஸ்ரீநாத். வெட்டுப்பட்டிருப்பது அவன் கண்ணில் படவில்லையா என்று கிருபாகரன் கேட்டான்.

"பட்டுச்சு சார். உங்க வரி மட்டும்தான் அப்படி இருந்துச்சா, ஏதோ ஸ்டைலா பண்ணியிருக்கீங்கன்னு நினைச்சேன்."

கிருபாகரன் போனை வைத்துவிட்டுத் தன் புரோகிராமைத் திறந்தான். எச்சரிக்கையை மறுபடி போட்டான். அது உடனே சிவப்பில் கத்தியது. கத்தட்டும் என்று விட்டுவிட்டான்.

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு கூத்து நடந்துகொண்டிருந்தது. லாவண்யா ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்குப் பூந்தமல்லித் தியேட்டரில் ஒரு வரிசைக்கே டிக்கெட் எடுத்துவிட்டாள். திருமழிசையிலிருந்து அவள் அப்பா, அம்மா, சித்தப்பா குடும்பம் எல்லோரும் வேனில் வருகிறார்கள். கிருபாகரன், படம் அவ்வளவு நன்றாக இல்லை என்று மெல்ல ஆரம்பித்தான். படத்தை யார் பார்க்கப் போகிறார்கள், உங்கள் பேரைப் பார்க்கத்தான் போகிறோம் என்றாள் அவள். பேர் ஓடுவதற்குள் தியேட்டரில் நிறுத்திவிடுவார்கள் என்றான். அதைச் சொன்னபோதே அவனுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது.

அது உண்மைதான். கதை முடிந்து முதல் பேர் தெரிந்ததுமே விளக்கைப் போட்டு, படத்தை நிறுத்தி, கதவைத் திறந்துவிடுவதுதான் பெரும்பாலான தியேட்டர்களின் வழக்கம். இத்தனை பேர் உழைப்பை இப்படி அவமதிக்கிறார்களே என்று இதற்காக அவன் வருடக்கணக்கில் எகிறியிருக்கிறான். ஒருமுறை ஆவடியில் ஒரு மேனேஜரிடம் சண்டைக்கே போயிருக்கிறான். இப்போது அந்த வழக்கத்தை நினைத்து மனசார நன்றி சொன்னான்.

இருந்தாலும் சும்மா இருக்க முடியவில்லை. சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு பூந்தமல்லி போனான். தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டர் அமல்ராஜைத் தேடிப் பிடித்தான். அமல்ராஜ் மாடிப்படியில் உட்கார்ந்து தக்காளி சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஞாயிறு காலைக் காட்சியில் கடைசிப் பேர் வரிசையைத் தயவுசெய்து ஓட்ட வேண்டாம் என்று கிருபாகரன் கேட்டான். அமல்ராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

"ஓட்டச் சொல்லித்தான் எங்கிட்ட கெஞ்சுவாங்க. ஓட்டாதன்னு கேக்கற மொத ஆளு நீதாம்பா. நேத்தே ஒரு அம்மா வந்து, எங்க ஊட்டுக்காரரு பேரு வருது, கடைசி வரிக்கும் ஓட்டுங்கண்ணான்னு சொல்லிட்டுப் போச்சி. பாவம், ஸ்வீட் பாக்கெட்டு வேற குடுத்துச்சி. அதுக்கு இன்னா பதில் சொல்றது?"

அந்த ஊட்டுக்காரர் நான்தான் என்று சொல்ல கிருபாகரனுக்கு வாய் வரவில்லை. அசடு வழிய நின்றான். சரிண்ணே, ஓட்டுங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். வரும் வழியெல்லாம், ஹெல்மெட்டுக்குள் தன்னைத்தானே திட்டிக்கொண்டான். உனக்கு எதற்கு ஊர்ப் பேர்? பிறந்தது அரக்கோணம், வாடகை வீடு திருநின்றவூரில். ஏதோ அந்த ஊர் ஏரியையே உன் தாத்தா வெட்டிய மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை எத்திராஜ் வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். கல்யாண வீட்டுக்குப் போடும் சட்டை. வேனிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் கிருபாகரனிடம் கைகொடுத்தார்கள். கலவரக் காட்சிச் சித்தப்பா, இந்தப் படத்தில் எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று விசாரித்தார். படம் ஓடியது. முதலை எழும்பியபோது பிள்ளைகள் அலறினார்கள். கிருபாகரனுக்கு முதலையும் தெரியவில்லை, ஹீரோவும் தெரியவில்லை. தன் வாழ்நாளில் ஒரு படம் முடியவே கூடாது என்று அவன் ஆசைப்பட்டது அன்றைக்குத்தான். அந்தப் படத்தைப் பார்த்த வேறு யாரும் அப்படி ஆசைப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

முடிந்தது. விளக்குகள் எரிந்தன. மற்ற வரிசைகள் எழுந்து போயின. துடைப்பத்தோடு இரண்டு பெண்கள் உள்ளே வந்து, இன்னும் உட்கார்ந்திருக்கிற இந்த ஒரு வரிசையை விநோதமாகப் பார்த்தார்கள். அமல்ராஜ் வாக்குத் தவறவில்லை. பேர்கள் மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. எத்திராஜ் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய ஒவ்வொரு பேராகப் படித்தார். அவர் வேகத்துக்குப் பாதிப் பேரைத்தான் பிடிக்க முடிந்தது. கிருபாகரன் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்துச்சி, வந்துச்சி" என்றாள் லாவண்யா. வரிசை முழுவதும் கை தட்டியது. பிள்ளைகள் விசில் அடித்தார்கள். துடைப்பம் வைத்திருந்த பெண்களில் ஒருத்தியும் காரணம் தெரியாமல் சிரித்துக்கொண்டு தட்டினாள். வரி மேலே போய் மறைந்தது. யாரும் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. கிருபாகரன் மூச்சு விட்டான். தப்பித்தோம் என்று அவன் நினைத்தபோது, எத்திராஜ் மட்டும் கை தட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

வெளியே மற்றவர்கள் வேன் பக்கம் போனபோது அவர் கிருபாகரனைத் தனியாக நிறுத்தினார். வண்டிகள் நிற்கும் இடத்தில், ஒரு தகரக் கூரையின் கீழ்.

"மாப்ள, எல்லாரு பேரும் முழுசா வந்துது. உங்குளுதுல முன்னாடி கொஞ்சம் காணோம், பின்னாடி கொஞ்சம் காணோம். எவன் பண்ண வேல இது?"

லேப்காரன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எத்திராஜ் நம்புவார். அந்த லேப்காரனைத் தன் ஆயுசு முழுக்கத் திட்டவும் செய்வார். கிருபாகரன் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். காலையில் அவர் அந்தச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்திருப்பார் என்ற நினைப்பு குறுக்கே வந்தது.

"நான்தான் மாமா. ஓரத்துல காலியா இருக்கறத வெட்டிப் போடறதுதான் என் வேலையே. அளவெடுத்து முடிச்ச பிறகு போய், ஊர்ப் பேரச் சேத்து எழுதச் சொன்னேன். பேரு நீண்டுடுச்சு. அளவ மாத்த மறந்துட்டேன்."

 எதற்காக ஊர்ப் பேரைச் சேர்த்தான் என்று அவர் கேட்கவில்லை. போனில் தான் சொன்னது அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் கொஞ்சம் மாறியது. பிறகு, அத்தனை பேருடைய பேரையும் ஓரம் வெட்டியது நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றான். அந்த முதலைக்கும்? முதலைக்கும், அதன் நிழலுக்கும், தண்ணீருக்கும் என்றான். எத்திராஜ் தியேட்டர் சுவரில் ஒட்டியிருந்த முதலைப் போஸ்டரை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். முதலைக்கு வால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்றார், ஆராய்ந்து பார்த்தவர் மாதிரி.

பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக ஒரு மனிதர் மூன்றாவது வாக்கியத்தைத் தாண்டி வந்திருந்தார்.  கிருபாகரனுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் மூக்கு மட்டும் ஒழுகியது. இங்கே ஏசி என்று சொல்லவும் வழியில்லை.

வேனிலிருந்து லாவண்யா கூப்பிட்டாள். எத்திராஜ் வருகிறோம் என்று கையைக் காட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நாளிக்கி எங்க அண்ணன இட்டாரலாம்னு கீறேன். அவுருக்குப் படிக்கத் தெரியாது. நான் பக்கத்துல ஒக்காந்து படிச்சாத்தான் உண்டு."

கிருபாகரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் முழுசாவே படிக்கறேன் மாப்ள" என்றார் எத்திராஜ்.